வைட்டமின் டி-யும் பெரியவர்களின் ஆஸ்துமாவும்

இரத்தத்தில் வைட்டமின் டி குறைவதற்கும் பெரியவர்களின் ஆஸ்துமாவுக்கும் உள்ள உறவு நெடுநாளாக ஆராயப்படும் பொருள். தென்காசி வட்டாரத்தார் இரைப்பு, இழுப்பு, வீசிங் என்று சொல்லும் இந்நோயில் மூச்சுக்குழல்கள் அழற்சியுற்றுச் சுருங்குகின்றன.

வைட்டமின் டி-யின் வரலாறு எலும்பில் தொடங்குகிறது. 1919-இல் லண்டனில் எட்வர்டு மெல்லன்பி, வெயில் படாமல் அடைத்து ஓட்ஸ் கஞ்சி கொடுத்து வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வந்ததையும், காட் மீன் ஈரல் எண்ணெய் அதைத் தடுத்ததையும் காட்டினார். அதே ஆண்டு பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, நோயுற்ற குழந்தைகள்மேல் புற ஊதா விளக்கொளி பாய்ச்சிக் குணப்படுத்தினார். எண்ணெயும் ஒளியும் ஒரே வேலையைச் செய்தது அன்றைக்குப் பெரும் புதிர். 1922-இல் அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் ஈரல் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி, அதிலிருந்த வைட்டமின் ஏ-யை அழித்தார். எண்ணெய் அப்போதும் ரிக்கெட்ஸைத் தீர்த்தது. ஏ, பி, சி எழுத்துகள் முன்பே போய்விட்டதால் புதிய பொருள் டி ஆயிற்று. தோலிலுள்ள கொழுப்புப் பொருளொன்று புற ஊதா பி கதிர் பட்டு இதுவாக மாறுகிறது என்பதே புதிரின் விடை. இவ்வகைப் பொருள்களை ஆராய்ந்த அடால்ஃப் விண்டாஸ் 1928-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

நுரையீரல் இக்கதைக்குள் வந்தது மிகப் பிந்தி. கிருமிகொல்லிப் புரதமொன்றை உடல் சுரக்க இந்த வைட்டமின் உதவுவதை 2006-இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் கண்டனர். சளிக்காய்ச்சல் இழுப்பைக் கிளப்பும் என்பதால், இவ்வைட்டமின் இழுப்பைக் குறைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது.

2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமான தென்காசியில் இவ்வைட்டமினைத் தரும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் சாரலாகிறது. ஐந்தருவியிலும் பேரருவியிலும் கூட்டம் நெரிகிறது. சாரல் மாதங்களில் இரைப்புக்காரரை வருத்துவது குளிர்காற்று, ஈரச்சுவர்ப் பூஞ்சை, சளி ஆகியவையே. சில வார மேகமூட்டத்தில் உடலின் வைட்டமின் இருப்பு தீர்ந்துவிடாது.

கவலைக்குரியவர்கள் வேறு. கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குப் பகல் முழுதும் நிழலில் கழிகிறது. புகையிலைத் தூசி மூச்சோடு போகிறது. வெயில் நாட்டிலும் குறைபாடு பரவலாக உண்டு என்பதைத் திருப்பதியில் சி. வி. ஹரிநாராயண் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதில் கிராமத்தாரைவிட நகரத்தாருக்கு அளவு குறைவு.

இழுப்புக்காரர் வெளியே நடமாடுவது குறையும். உடல் பருத்தவர்களுக்கும் அளவு தாழும். எனவே இக்குறைபாடு ஆஸ்துமாவின் காரணமாக இல்லாமல், உடன்வருவதாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் 408 பெரியவர்களிடம் நடந்து 2014-இல் வெளியான வைடா ஆய்வில், வைட்டமின் டி3 சிகிச்சைத் தோல்வியைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016 தொகுப்பாய்வு, வைட்டமின் டி ஆஸ்துமாவுக்கு உதவும் என்று தந்த நம்பிக்கையை அதன் 2023 திருத்தம் விலக்கியது. ஸ்டீராய்டு இன்ஹேலரே இன்றும் முதன்மை மருந்து. அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோருக்கு எலும்பைக் காக்க வைட்டமின் டி தேவைப்படுகிறது.