அரவின் முதுகெலும்பு



சொறிக்கல்முனையைச் சூழ்ந்த நெல்வயல்களிலே, அறுவடைக் காலத்தில் புடையனுக்கு அஞ்சாத உழவர் இலர். கண்ணாடி விரியன் என்பதும் அதுவே. கண்டதும் கோலெடுப்பது வழக்கம். அத்தகைய அரவையும் முதுகெலும்பு நோய் முடக்குவதுண்டு என்பதை எண்ணுவோர் சிலரே. அந்நோயை அறிஞர் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது.

மனிதனின் முள்ளெலும்புகள் 33. பாம்புக்கோ பெரும்பாலும் 200க்கு மேல். அவை தனித்தனியே அசைவதனாலேயே அது காலின்றி நெளிந்தோடுகிறது. 1868இல் நுவரெலியாவில் பிறந்த படைமருத்துவர் பிராங்க் வால், இலங்கைப் பாம்புகளைப் பற்றிய பெருநூலை 1921இல் வெளியிட்டார். இனம் பிரித்தறிய வயிற்றுச் செதில்களை எண்ணுவது அன்றும் இன்றும் உள்ள முறை. பெரும்பாலான பாம்புகளின் உடலில் ஒரு செதிலுக்கு ஒரு முள்ளெலும்பு. ஆகவே, செதிலை எண்ணியவர் எலும்பையும் எண்ணியவராயினர். எனினும் உள்ளிருக்கும் எலும்பு நலமுடையதா என்பதைச் செதில் கூறாது. உயிருள்ள பாம்பில் அதனைக் காண, 1895இல் றொன்ட்கன் கண்டறிந்த எக்ஸ்கதிரே வழிகாட்டியது.

வளர்ப்புப் பாம்புகள் சிலவற்றில் புதிய எலும்பு முண்டுமுண்டாய் வளர்ந்து, அடுத்தடுத்த முள்ளெலும்புகளை ஒட்டவைத்திருந்தது. முதுகு கோல்போல் விறைத்த பாம்பு, இரையை வளைத்துப் பற்றவும் இடர்ப்பட்டது. மனிதரின் எலும்பை உருக்குலைக்கும் நோயொன்றை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பஜெற் 1877இல் விரித்துரைத்திருந்தார். தோற்ற ஒப்புமை கண்டோர் அவர் பெயரையே பாம்பின் நோய்க்கும் சூட்டினர்.

பெயர் பொருந்தியதா? 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நோயுற்ற 15 பாம்புகளை ஆராய்ந்தது. சிலவற்றின் எலும்பில் நுண்கிருமியால் விளைந்த அழற்சி இருந்தது. வேறு சிலவற்றில் அழற்சியின்றியே எலும்பு மிகுந்திருந்தது. ஒரே பெயரின் கீழ் வேறு வேறு நோய்கள் மறைந்திருந்தன! இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. கிருமியே காரணமாயின் அதனைக் கொல்லும் மருந்தைக் காலத்தோடு கொடுத்தல் வேண்டும். ஒட்டிய எலும்பு பின்னர்ப் பிரியாது. அக்கிருமிகளுள் ஒன்றான சல்மொனெல்லா மனிதரையும் தாக்கும். நலமான பாம்பின் குடலிலும் அது வாழும். ஆதலின், பாம்பைத் தொட்டவர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் கடன்.

வரப்பிலே ஓடாது கிடக்கும் பாம்பு நோயுற்றதாயும் இருக்கலாம். கோலெடாது விலகிச் செல்வதே அறிவுடைமை. முதுகு விறைத்த விரியனுக்கும் நஞ்சு குறைவதில்லை.