பேஸ்மேக்கருக்குக் காது முளைத்த கதை

1/ "பேஸ்மேக்கர் வெச்சு ரெண்டு வருஷமாச்சு, நல்லாத்தான் இருக்கேன். அப்புறம் எதுக்குங்க செக்கப்?" பள்ளிபாளையம் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி இது. பதில் அந்தக் கருவியின் வரலாற்றிலேயே இருக்கு. வாங்க பார்ப்போம்.

2/ 1958 அக்டோபர் 8, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனை. ஆர்னே லார்சனுக்கு வயது 43. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைக்கு இறங்காது. ஒரே நாளில் பலமுறை மயங்கி விழுவார். அவர் மனைவி விடாமல் வற்புறுத்தியதால், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் ஒரு கருவி செய்தார். அதை வார்த்தெடுக்க அச்சாக உதவியது ஒரு ஷூ பாலிஷ் டப்பா! டாக்டர் ஓகே சென்னிங் அதை உடலுக்குள் பொருத்தினார். உலகிலேயே முதல்முறை.

3/ சில மணி நேரத்தில் அது நின்றுபோனது. உடனே இன்னொன்று வைத்தார்கள். பிறகும் 20-க்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-இல் தன் 86 வயதில்தான் லார்சன் இறந்தார். செய்தவர், பொருத்தியவர் இருவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

4/ ஆனால் அந்தக் காலக் கருவிகளில் ஒரு பெரிய குறை. இதயம் தானாகத் துடித்தாலும் அவை தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு துடிப்பு முடிந்து இதயத்தசை பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தில் அந்த அடி விழுந்தால், உயிரையே பறிக்கும் தாறுமாறான துடிப்பு தொடங்கலாம்.

5/ 1960-களில் பரூ பெர்கோவிட்ஸ் இதற்கு வழி கண்டார். இதயத்தின் மின்சாரத்தைக் கருவி கவனிக்கும். துடிப்பு வந்தால் சும்மா இருக்கும், வராவிட்டால் மட்டும் தூண்டும். கருவிக்குக் காது முளைத்தது இப்படித்தான்.

6/ அந்தக் காதுக்கு ஒரு அளவு வேணும். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும் இல்லையா? அந்த ஏற்பாடு மந்தமா இருந்தா வெறும் தறி ஓடும். ரொம்பக் கூர்மையா இருந்தா, அறாத நூலுக்கே தறி நிற்கும்.

7/ பேஸ்மேக்கரிலும் அதேதான். காது மந்தமானால் தேவையில்லாமல் அடிக்கும். கூர்மை கூடிப்போனால், தசை அசைவையோ எர்த் சரியில்லாத மோட்டாரில் கசியும் கரண்டையோ இதயத்துடிப்பு என்று நம்பி, தூண்டாமல் இருந்துவிடும். இதயம் முழுக்கக் கருவியையே நம்பியிருப்பவருக்கு இதுதான் ஆபத்து.

8/ இந்த அளவை மில்லிவோல்ட்டில் வைக்கிறோம். எண் குறையக் குறையக் காது கூர்மை. அடியின் பலத்துக்குத் தனி அளவு, அது வோல்ட்டில். அதிகம் வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும், குறைத்தால் இதயம் அசையாது.

9/ 1970-களில் இருந்து, தோலைக் கீறாமல் வெளியிலிருந்தே இவற்றை மாற்ற முடிகிறது. வயர் பழசாகும், இதயமும் மாறும். முதல் நாள் வைத்த எண் இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம். செக்கப் என்றால் பேட்டரி பார்ப்பது மட்டும் இல்லைங்க.

10/ டாக்டர் சொன்ன தேதியில் கருவி அட்டையோடு போயிடுங்க. நடுவில் தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்க.