பெர்சியின் வாத்தியாரும் நானும்

இன்று ஒரு பழைய வரலாறு. கடைசியில் என் மனக்குறை ஒன்றும் உண்டு.

1896 நவம்பர். இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான சீஃபோர்டில் இருந்த பிரிங்கிள் மோர்கன் என்ற டாக்டர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பையனைப் பற்றி எழுதினார். பெயர் பெர்சி, வயது 14. விளையாட்டில் சூட்டிகை, கண்பார்வையில் குறையில்லை. 785852017 என்ற எண்ணைத் தடங்கலில்லாமல் வாசிப்பான். ஆனால் ஏழு வருடம் சொல்லிக்கொடுத்தும் சின்னச் சின்னச் சொற்களைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினான்.

மூளையின் இடப்பக்கத்தில் ஒரு பகுதி சரியாக வளராததே காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் கருதினார். 'பிறவிச் சொற்குருடு' என்றார். இன்று நாம் டிஸ்லெக்சியா என்கிறோம்.

அந்தக் கட்டுரையில் என் மனதைத் தொட்டது வேறு. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால், பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று பெர்சியின் ஆசிரியர் சொல்லியிருந்தார். ஸ்கேன் இல்லாத காலத்தில் ஒரு வாத்தியாரின் கண் அதைக் கண்டுகொண்டது!

பிறகு கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஹின்ஷெல்வுட், இத்தகைய பிள்ளைகளுக்குத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். அமெரிக்காவில் டாக்டர் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்கமும் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, காதால் கேட்டு, விரலால் எழுதிப் பழகும் முறையை உருவாக்கினார்கள். 1990-களில் வந்த மூளை ஸ்கேன்கள், இவர்கள் வாசிக்கும்போது இடப்பக்க மூளையின் சில பகுதிகள் குறைவாக இயங்குவதைக் காட்டின. சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது.

எங்கள் ஆசிரியர் பயிற்சியில் 'தனியாள் வேறுபாடுகள்' என்று ஒரு பாடம் உண்டு. மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன், அவ்வளவுதான். பிறகு என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் வந்தான். மனக்கணக்கில் புலி. கதை சொன்னால் வரி விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கொடுத்தால் வியர்த்துவிடும். நான் ஐம்பது முறை இம்போசிஷன் கொடுத்தேன், முட்டி போட வைத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். பெர்சியின் வாத்தியார் பார்த்ததை நானும்தான் பார்த்தேன். ஆனால் அவன் வேண்டுமென்றே படிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன்.

இன்று ஆசிரியராகவும் பெற்றோராகவும் இருக்கும் என் பிள்ளைகளே, எழுத்தில் தடுமாறும் குழந்தையிடம் அதே பாடத்தை வாயால் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் பிரம்பைத் தேடாதீர்கள், நிபுணரிடம் அழைத்துப் போங்கள்.

தம்பி, நீ இதைப் படிக்க வாய்ப்பில்லை. யாராவது உனக்கு வாசித்துக் காட்டினால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்