வனாந்தரத்திற்காக வழக்காடுவோர் யார்?

இயற்கை வனப்புமிக்க இடங்களைக் காத்தலும், அவற்றை மக்கள் கண்டு மகிழ வழிசெய்தலும் ஒருங்கே இயலுமா? அமெரிக்காவில் 1965 முதல் 1978 வரை நிகழ்ந்த ஒரு போராட்டத்தை ஆராய்வது, இவ்வினாவின் இறையியல் ஆழத்தை நாம் உணர்வதற்கு உதவும்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் மினரல் கிங் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. 1870களில் வெள்ளி தேடி மக்கள் அங்குத் திரண்டனர். எதிர்பார்த்த செல்வம் கிட்டவில்லை. 1890இல் அருகே செக்கோயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது இப்பள்ளத்தாக்கு அதில் சேர்க்கப்படவில்லை. 1926இல் வனவிலங்குப் புகலிடமான பின்னரும் அது மத்திய வனத்துறையின் ஆளுகையிலேயே இருந்தது. 1965இல் அத்துறை அங்குப் பனிச்சறுக்குத் தலம் அமைக்கத் தனியாரை அழைத்து, வால்ட் டிஸ்னி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. 3 கோடியே 50 லட்சம் டாலர் செலவில் விடுதிகளும் உணவகங்களும் நீச்சல் குளங்களும் எழும்பவிருந்தன. நாளொன்றுக்கு 14,000 பேர் வருவதற்கென 20 மைல் நெடுஞ்சாலையும் திட்டமிடப்பட்டது. அதில் ஒரு பகுதி தேசியப் பூங்காவை ஊடுருவிச் செல்லும்.

மலையேற வலிமையற்றோரும் அவ்வழகைக் காண வேண்டாமோ என்று திட்டத்தின் ஆதரவாளர் வாதிட்டனர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. எனினும், காண வருவோரின் பெருக்கமே காணத்தக்கதை அழித்துவிடும் என அஞ்சிய சியரா கழகம் 1969இல் வழக்குத் தொடுத்தது.

1972 ஏப்ரல் 19 அன்று உச்சநீதிமன்றம், நால்வர்க்கு மூவர் என்னும் கணக்கில், கழகத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இத்திட்டத்தால் தன் உறுப்பினருக்கு நேரும் தீங்கைக் கழகம் எடுத்துக் கூறவில்லை. ஆதலின் வழக்காடும் தகுதி அதற்கில்லை என்பதே காரணம். மாறுபட்ட தீர்ப்பெழுதிய மூவருள் ஒருவர் நீதியரசர் வில்லியம் டக்ளஸ். பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஒருவரின் மைந்தர். கப்பலையும் வணிக நிறுவனத்தையும் சட்டம் ஓர் ஆளாக ஏற்கும்போது, ஆற்றின் பெயராலும் பள்ளத்தாக்கின் பெயராலும் ஏன் வழக்காடலாகாது என்று அவர் வினவினார்.

பின்னர்க் கழகம், தன் உறுப்பினர் அப்பள்ளத்தாக்கில் நடந்தும் தங்கியும் இன்புறுகின்றனர் என மனுவைத் திருத்தியது. காலம் நீண்டது, செலவு பெருகியது, மக்கள் கருத்தும் மாறியது. 1978இல் அமெரிக்கப் பேரவை மினரல் கிங்கைச் செக்கோயா தேசியப் பூங்காவுடன் இணைத்தது. பனிச்சறுக்குத் திட்டம் கைவிடப்பட்டது.

பள்ளத்தாக்கு காக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அதைக் காக்க முன்வந்தோரும் தம்மை அதன் பயனாளிகளாகக் காட்டிய பின்னரே நீதிமன்றத்தில் நிற்க முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மனிதனுக்கு இன்பம் தருவதனாலேயே இயற்கைக்கு மதிப்புண்டு என்னும் எண்ணம் இரு தரப்பு வாதங்களிலும் இடம்பெற்றுவிட்டது.

திருமறை காட்டும் நோக்கு வேறு. யோபு நூலின் 38ஆம் அதிகாரத்தில், மனிதர் வாழாத பாலைநிலத்திலும் மழை பொழியச் செய்பவராகத் தேவன் தம்மை வெளிப்படுத்துகிறார். அந்த மழையால் பயனடையும் மனிதன் எவனுமில்லை. ஆயினும் அது வீணன்று. மனிதன் சிருஷ்டியின் உக்கிராணக்காரனேயன்றி அதன் இலக்கு அல்லன். பேச இயலாதோருக்காகப் பேசும் கடமையை ஏழைக்கும் அநாதைக்கும் உரியதாகத் திருச்சபை நெடுங்காலமாகப் போதித்து வருகிறது. நாவற்ற மலைக்கும் ஆற்றுக்கும் அக்கடமை நீளுமா என்பதை நமது இறையியல் கல்வி இனியும் ஒதுக்கிவைக்கலாகாது.