காலியான மாடமும் கைவிடப்பட்ட அணியும்: சிகாகோ பல்கலைக்கழகம், 1939

1939 அக்டோபரில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டாக் மைதானத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக அணி 85 புள்ளிகள் எடுத்தது. சொந்த மண்ணில் ஆடிய சிகாகோ ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. அதே பருவத்தில் ஹார்வர்டிடமும் ஓஹையோ ஸ்டேட்டிடமும் 61–0, வர்ஜீனியாவிடம் 47–0, இல்லினாயிடம் 46–0 எனத் தோல்விகள் தொடர்ந்தன. பெலாயிட் என்னும் சிறு கல்லூரிகூட 6–0 என்று வென்றது. வாபாஷ், ஓபர்லின் ஆகிய இரு சிறு கல்லூரிகளை மட்டுமே சிகாகோவால் தோற்கடிக்க முடிந்தது. எட்டு ஆட்டங்களில் எடுத்த புள்ளிகள் 37, விட்டுக்கொடுத்தவை 308. டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு கால்பந்தாட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தது. (இங்கே பேசப்படுவது அமெரிக்கக் கால்பந்து. நீள்வட்டப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடும் இந்த ஆட்டத்திற்குக் ‘கால்பந்து’ என்ற பெயர் எப்படி நிலைத்தது என்பது தனிக் கதை.)

இந்த முடிவு கல்வி வரலாற்றில் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் என்ற ஒருவரின் துணிச்சலாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. முப்பது வயதில், 1929-இல், பல்கலைக்கழகத் தலைவரானவர் அவர். அறிவு வென்றது, ஆரவாரம் தோற்றது என்பது இக்கதையின் வழக்கமான வடிவம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது.

சிகாகோ எப்போதும் தோற்றுக்கொண்டிருந்த அணியன்று. 1892-இல் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியபோதே அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேல் பல்கலைக்கழகத்தில் தம்மிடம் பயின்ற ஏமஸ் அலோன்சோ ஸ்டாக்கை அழைத்துவந்து ஆசிரியத் தகுதியும் நிரந்தரப் பதவியும் கொடுத்தார். ராக்ஃபெல்லரின் பணத்தில் எழுந்த புதுப் பல்கலைக்கழகத்தை நாடறியச் செய்யக் கால்பந்து உதவும் என்பது ஹார்ப்பரின் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. பின்னாளில் ‘பிக் டென்’ என்று பெயர்பெற்ற கூட்டமைப்பை 1896-இல் நிறுவிய பல்கலைக்கழகங்களுள் சிகாகோவும் ஒன்று. 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த மிச்சிகனை 1905-இல் 2–0 என்ற கணக்கில் வீழ்த்தியது ஸ்டாக்கின் அணி. 1924 வரை ஏழு முறை கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. ஆக, 1930களில் மாடத்தில் அமர்ந்திருந்த ரசிகருக்கு நினைவில் நிறுத்த ஒரு பொற்காலம் இருந்தது. நினைவு இல்லாத இடத்தில் இத்தனை கசப்பும் இருந்திருக்காது.

1924-க்குப் பிறகு பட்டம் ஏதும் கிட்டவில்லை. 1932 பருவத்தோடு எழுபது வயதான ஸ்டாக்குக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. அவர் அதை ஏற்றுக்கொண்டு வீட்டில் அமரவில்லை; கலிஃபோர்னியாவிலுள்ள பசிபிக் கல்லூரிக்குப் பயிற்றுநராகச் சென்றார். 1938-இல் அந்தச் சிறு கல்லூரி அணியோடு, தம் பெயரையே தாங்கிய மைதானத்துக்குத் திரும்பிவந்து, சிகாகோவை 32–0 என்று தோற்கடித்தார். அடுத்த ஆண்டு 85 புள்ளிகள் எடுத்த மிச்சிகன் அணியின் பயிற்றுநர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லரும் சிகாகோவில் ஸ்டாக்கிடம் ஆடிப் பழகியவரே. சிகாகோ தன் சொந்தப் பள்ளியில் பயின்றவர்களிடமே அடிவாங்கியது.

தோற்கும் அணியின் ரசிகர்கள் முதலில் பயிற்றுநரையே குறைசொல்வார்கள். இங்கே அந்தக் குற்றச்சாட்டைச் சோதிக்க அரியதொரு சான்று கிடைக்கிறது. ஸ்டாக்குக்குப் பின் வந்த கிளார்க் ஷானஸி, 1939-இன் அவமானத்துக்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். முந்தைய பருவத்தில் ஒரே ஒரு வெற்றி பெற்றிருந்த அந்த அணி, 1940-இல் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1941 புத்தாண்டு நாளில் ரோஸ் பவுல் ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 21–13 என்று வென்றது. ஸ்டான்ஃபோர்டில் திறமையான ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள் என்று சொல்லலாம். அதுவேதான் விஷயம்: சிகாகோவில் இல்லாதது பயிற்றுநரின் மூளையன்று, ஆட்டக்காரர்கள்.

ஏன் இல்லை? 1931-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் வகுப்புக்கு வருகை கட்டாயமில்லை. ஆனால் முழுப் பாடத்தையும் தழுவிய தேர்வுகளில் தேற வேண்டும். போட்டிப் பல்கலைக்கழகங்களில் ஆட்டக்காரர்களுக்குப் புகலிடமாக இருந்த உடற்கல்விப் பட்டம் சிகாகோவில் இல்லை. உதவித்தொகையும் எளிய வேலையும் காட்டி இளைஞர்களைக் கவரும் பந்தயத்தில் மற்றவர்கள் முன்னேற, சிகாகோ ஒதுங்கி நின்றது. இதற்கிடையிலும் ஜே பெர்வாங்கர் என்ற அபூர்வமான வீரர் அங்கே ஆடினார். பின்னர் ஹைஸ்மன் கோப்பை என்று பெயர்பெற்ற விருது 1935-இல் முதன்முதலில் வழங்கப்பட்டது அவருக்கே. (அவரை மடக்கிப் பிடிக்கப் பாய்ந்து கண்ணுக்குக் கீழே தழும்பு வாங்கிக்கொண்ட மிச்சிகன் வீரர் ஜெரால்டு ஃபோர்டு, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார்.) நாட்டின் தலைசிறந்த வீரர் தங்கள் அணியில் இருந்தும் பட்டத்தை நெருங்க முடியாததைக் கண்ட ரசிகரின் மனநிலையை ஊகிப்பது கடினமன்று.

1938 டிசம்பரில் ஹட்சின்ஸ் ‘சாட்டர்டே ஈவனிங் போஸ்ட்’ இதழில் கல்லூரி விளையாட்டைத் தாக்கி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. நுழைவுக் கட்டணத்தைப் பத்து சென்டாகக் குறைக்கவும் பயிற்றுநர்களுக்குப் பேராசிரியர்களைப்போலப் பணிப் பாதுகாப்புத் தரவும் அதில் அவர் யோசனை கூறினார். நோயின் வேர் வசூல் என்று அவர் கண்டது சரி. ஆனால் பணிப் பாதுகாப்பு என்ற மருந்தை ஹார்ப்பர் நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்டாக்குக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார். அது வணிகத்தைத் தடுக்கவில்லை, வளர்த்தது. ஹட்சின்ஸின் வாதங்களைவிட வலிமையாக இருந்தது மைதானத்தின் வெறுமை என்றே சொல்லத் தோன்றுகிறது. சுமார் ஐம்பதாயிரம் பேருக்கு இடமிருந்த மைதானம் அது. நகரத்து ரசிகர்களுக்கோ சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணி இருந்தது. அருகில் நார்த்வெஸ்டர்னும் சற்றுத் தொலைவில் நோத்ர தாமும் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழக அணிக்கு வழங்கிய ‘மிட்வேயின் அசுரர்கள்’ என்ற பட்டப்பெயர்கூடப் பேர்ஸ் அணிக்குப் போய்விட்டது. பெர்வாங்கர் ஆடிய 1935-இல் இந்த முடிவை எடுக்க ஹட்சின்ஸால் முடிந்திருக்குமா என்பது ஐயமே. ரசிகர்கள் முதலில் வெளியேறினார்கள். நிர்வாகம் அதன்பின் கதவை மூடியது.

கைவிடாமல் தோற்றுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே வட்டாரத்து நார்த்வெஸ்டர்ன் ஒரு சான்று. 1979-இல் தொடங்கி 34 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றது அந்த அணி. 1981 நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 61–14 என்று தோற்றபோது அது 29-ஆவது தொடர்தோல்வி, அதன் தரநிலையில் புதிய தேசியச் சாதனை. மாணவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து, வெற்றிபெற்றவர்கள்போலக் கோல் கம்பங்களைப் பிடுங்கி மிச்சிகன் ஏரிக்குக் கொண்டுபோனார்கள். ‘இன்டர்ஸ்டேட் 94’ என்ற நெடுஞ்சாலைப் பலகையின் கீழே ‘நார்த்வெஸ்டர்ன் 0’ என்று யாரோ எழுதிவைத்த கேலியும் அக்காலத்தது. இந்தச் சிரிப்பை அலட்சியம் என்று கொள்வது தவறு. அலட்சியம் கொண்டவர் மைதானத்துக்கே வருவதில்லை. 1982 செப்டம்பரில் நார்தர்ன் இல்லினாயை வென்று தொடர் முடிந்தது. 1995-இல் அதே அணி பிக் டென் பட்டம் வென்று ரோஸ் பவுலுக்குச் சென்றது. 1939-இல் சிகாகோ எடுத்த முடிவை நார்த்வெஸ்டர்னும் எடுத்திருந்தால் இது நடந்திராது.

சிகாகோ 1946-இல் பிக் டென்னிலிருந்தும் விலகியது. அதற்குள் ஸ்டாக் மைதானம் வேறொரு காரணத்தால் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு, உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது அதன் மேற்கு மாடத்தின் அடியில்தான். பின்னர் மாடங்கள் இடிக்கப்பட்டு, அங்கே ரெகன்ஸ்டைன் நூலகம் எழுந்தது. தெற்காசிய ஆய்வுக்காகவும் பழந்தமிழ் அச்சு நூல்களுக்காகவும் அந்நூலகத்தை நாடும் நம்மவர் பலர், 85–0 நிகழ்ந்த இடத்தில் அமர்ந்தே படிக்கிறார்கள்.

1963-இல் கால்பந்து மன்ற அளவில் மெல்லத் திரும்ப முயன்றபோது, மாணவர்கள் சிலர் மைதானத்தின் நடுவே அமர்ந்து ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார்கள். 1939-இன் தோல்விகளைக் கண்டிராத தலைமுறை அது. ஆட்டமின்மையே அவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பெருமையாகிவிட்டிருந்தது. 1969-இல் முறையான அணி மீண்டும் அமைந்தது. இன்று அது விளையாட்டு உதவித்தொகை ஏதுமில்லாத மூன்றாம் பிரிவில் ஆடிவருகிறது.