நீர்த்தேக்கம் இருந்தது, பம்பு இல்லை

1857-ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்ற சீன வணிகர், புக்கிட் தீமா பகுதித் தண்ணீரைச் சிங்கப்பூர் நகருக்குக் குழாய் வழியாகக் கொண்டுவர 13,000 வெள்ளியை அரசாங்கத்திடம் கொடுத்தார். அந்நாளில் அது பெருந்தொகை. கிணறுகளையும் மாட்டுவண்டியில் வரும் தண்ணீரையும் நம்பியே நகர மக்கள் வாழ்ந்தார்கள். சைனாடவுனில் இன்றும் வழங்கும் கிரேத்தா ஆயர் என்ற பெயருக்கு மலாய் மொழியில் 'தண்ணீர் வண்டி' என்றே பொருள்.

கொடுத்த பணம் பிழையான திட்டத்தில் கரைந்தது. வள்ளல் 1864-இல் மறைந்தார். குழாய்த் தண்ணீரை அவர் பார்க்கவே இல்லை. தாம்சன் சாலை அருகே நீர்த்தேக்கம் 1860களின் பிற்பகுதியில் கட்டி முடிக்கப்பட்டது. ஆனாலும் நகருக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காரணம், பம்புகளும் விநியோகக் குழாய்களும் தயாராகவில்லை. அவை வந்து சேர மேலும் பத்தாண்டுகள் பிடித்தன. தேக்கிய நீரைக் குன்றின் மேலுள்ள தொட்டிக்கு ஏற்றிவிட்டால், அங்கிருந்து அது தானே வீடுகளுக்கு இறங்கும். ஏற்றிவிடுவதற்குத்தான் இயந்திரம் வேண்டும். இந்த எளிய உண்மைக்காக ஒரு நகரம் பத்தாண்டுகள் காத்திருந்தது.

1882-இல் அந்த வணிகரின் நினைவாக நகராட்சி ஒரு நீரூற்றை எழுப்பியது. காலங்கடந்த நன்றிதான். அந்த நீரூற்று இன்று எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது.

நகரம் பெருகப் பெருக, தீவின் தண்ணீர் போதவில்லை. 1927-இல் ஜொகூர் சுல்தானுடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, குனோங் பூலாய் நீர் கடற்பாலத்தின் மேல் குழாயில் வந்தது. 1942 ஜனவரி 31-ஆம் தேதி, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. குழாயும் அதோடு போயிற்று. பிப்ரவரி நடுவில் தீவின் நீர்த்தேக்கங்களும் ஜப்பானியர் வசமாயின. வியப்பு என்னவென்றால், எதிரி நெருங்கி வந்த பின்னும் உட்லீ நீரேற்று நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நகரக் குழாய்கள் குண்டுவீச்சில் உடைந்து கிடந்ததால், ஏற்றிய தண்ணீரில் பெரும்பகுதி தெருவில் வழிந்தது. பிப்ரவரி 15-இல் ஜெனரல் பெர்சிவல் சரணடைந்ததற்கான காரணங்களில் தண்ணீர் நெருக்கடியும் ஒன்று.

போருக்குப் பின்னும் நிம்மதி இல்லை. 1963-இல் மழை பொய்த்து, ஏறக்குறைய பத்து மாதங்கள் தண்ணீருக்குப் பங்கீடு இருந்தது. அதற்குள் 1961, 1962 ஆகிய ஆண்டுகளின் இரு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. முதல் ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிவுற்றபோது, குனோங் பூலாய், ஸ்கூடாய் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களையும் பொந்தியான், தெப்ராவ் பம்பு நிலையங்களையும் சிங்கப்பூர் ஜொகூரிடம் ஒப்படைத்தது. விலை எதுவும் பேசப்படவில்லை. ஓடாத இயந்திரங்களைத் தலையில் கட்டிவிட்டுப் போகவும் இல்லை. எல்லாம் இயங்கும் நிலையிலேயே கைமாறின. பரபரப்பாகப் பேசப்படும் தண்ணீர் விவகாரத்தில் அதிகம் பேசப்படாத செய்தி இது.

1962 ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். அதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். கடலின் உப்புநீர் ஆற்றில் மேலேறி, நீர் எடுக்கும் இடத்தைக் கெடுக்காமலிருக்க, மேலே லிங்கியூ நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. 2016 அக்டோபரில் லிங்கியூவின் இருப்பு 20 விழுக்காட்டுக்குச் சரிந்தது. பம்புகள் பழுதின்றி நின்றன. ஆற்றில் எடுப்பதற்குத் தண்ணீர் நிலைக்குமா என்பதே அப்போதைய கவலையாக இருந்தது.