வில்லியமாக விளையாட ஆளில்லை

கனகாலமாக இந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. வழமையாக வந்து எட்டிப் பார்க்கிற நாலைந்து பேரும் மன்னிக்க வேண்டும். சும்மா இருக்கவில்லை. போன குளிர்காலத்தில் ஆறு திங்கட்கிழமைகள் ஒரு கொலை வழக்கை நடத்திக்கொண்டிருந்தேன். பயப்படாதீர்கள், மேசையில்தான்.

திங்கட்கிழமை எங்கள் ரெஸ்ரோரண்ட் பூட்டு. முதலாளியிடம் திறப்பை வாங்கி, சண்ட்றிங்கம் வீதிப் பக்கக் கதவை உள்ளே பூட்டிவிட்டு ஐந்து பேர் இருந்தோம். ரக்சி ஓடுகிற ஒரு அண்ணை. ஊரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற அக்கா. எங்கள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு படிக்கிற வெள்ளைக்காரப் பொடியன், அவன் தெற்கே ஒட்டாகோ பக்கம். பிறகு நான்.

விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, 'நான் இப்ப கதவைத் திறக்கிறன்', 'நான் அவனிட்டக் கேக்கிறன்' என்று வாயால் சொல்லி விளையாடுவார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டுவது. எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கிற கூத்தையும் தாயக்கட்டையையும் சேர்த்துக் குழைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். அது வாளும் மந்திரவாதியும் பூதமும். 1981 இல் சாண்டி பீற்றர்சன் எழுதிய 'கோல் ஒஃப் கதுல்ஹு' வந்தது. அதிலும் பேய் உண்டு, ஆனால் அடிபடுவதை விடத் துப்புத் தேடுவதுதான் வேலை. 1982 இல் 'காங்பஸ்ரர்ஸ்', அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக் கள்ளர்களும் பொலிசும். குற்றக் கதை இந்த விளையாட்டுக்குள் வந்த வழி சுருக்கமாக இதுதான்.

பொடியன்தான் எனக்கு இதைப் பழக்கினான். இரண்டு வருடம் அவன் நடத்த நான் விளையாடினேன். பிறகு ஒருநாள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு, "இனி நீ நடத்து, உன்ர நாட்டுக் கதை ஒண்டு" என்றான். யோசிக்காமல் என் வாயில் வந்தது சதாசிவம் வழக்கு.

எங்கள் அப்பாமாரின் தலைமுறைக்கு இந்தப் பெயரைச் சொன்னால் போதும், தேத்தண்ணி ஆறிவிடும். மகாதேவ சதாசிவம், இலங்கை கண்ட மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். 1947 இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள். 1948 இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி விளையாடியபோது இலங்கைக்குத் தலைவர் அவர்தான்.

1951 ஒக்டோபர் 9. பம்பலப்பிட்டி, சென்ற் அல்பன்ஸ் பிளேஸ். அவருடைய மனைவி ஆனந்தம் கழுத்து நெரிக்கப்பட்டு வீட்டின் கார்க் கொட்டகையில் கிடந்தார். நான்கு பெண் பிள்ளைகளின் தாய். விவாகரத்து வழக்கு தொடங்கியிருந்த நேரம். அன்று காலை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் இருந்தவர்களில் பெரிய ஆட்கள் கணவன், மனைவி, வேலைக்காரப் பொடியன் வில்லியம். சதாசிவம் காலையிலேயே ரக்சி பிடித்துப் போய்விட்டார். வில்லியமும் காணாமல் போனான்.

வில்லியம் மாத்தறைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தான். அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. சில நாட்களின் பின் ஊரில் பிடிபட்டான். 'ஐயாதான் செய்தார், நான் உதவினேன்' என்று சொன்னான். அரசு அவனுக்கு நிபந்தனையோடு மன்னிப்புக் கொடுத்து, சாட்சியாக மாற்றியது. சதாசிவம் கூண்டில் நின்றார். புதுக்கடையில் நீதியரசர் கிறேஷியன் முன்னிலையில் 1953 மார்ச்சில் தொடங்கிய விசாரணை 57 நாட்கள் நடந்தது. எதிரிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1953 ஜூன் 25 இல் யூரிகள் ஒருமனதாகச் சதாசிவம் குற்றவாளி இல்லை என்றார்கள். அவர் விடுதலையாகிப் பிறகு சிங்கப்பூர், மலாயா என்று போய் அங்கும் அணிகளுக்குத் தலைமை தாங்கி, 1977 இல் காலமானார். அந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

நியூசிலாந்தில் இருந்துகொண்டு இந்த வழக்கைத் தூக்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எதிரித் தரப்புக்காக எடின்பரோவிலிருந்து கூப்பிடப்பட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி ஸ்மித். உலகமே மதித்த தடயவியல் பேராசிரியர். அவர் பிறந்தது 1883 இல், ஒட்டாகோவின் ரொக்ஸ்பரோ என்ற சின்ன ஊரில். பொடியனுக்குச் சொன்னபோது நம்பவில்லை. "ரொக்ஸ்பரோவா? நாங்கள் அப்ரிகொட் வாங்கப் போற இடமெல்லோ" என்றான். அங்கேயே சிட்னி ஸ்மித் பாத்திரம் தனக்குத்தான் என்று எழுதி வைத்துவிட்டான்.

வழக்கின் உயிர் நேரத்தில்தான் இருந்தது. அந்த அம்மா இறந்தது சதாசிவம் வீட்டை விட்டுப் போக முன்னரா, போன பிறகா? அதைச் சொல்ல வேண்டியது உடல். உயிர் போன உடல் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை நோக்கி மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டு போகும். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குப் படித்த நியூற்றனின் குளிரல் விதிதான் அடிப்படை. (பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல், 2006 இல் ஏ-9 பாதை மூடப்பட்டபோது இரண்டாம் வருடத்தோடு சரி.) ஆனால் உடல் விதியைச் சொன்னபடி கேட்காது. முதல் கொஞ்ச நேரம் உள்வெப்பம் அசையாமலே நிற்கும். குளிர் நாட்டுப் புத்தகக் கணக்கைக் கொழும்பு வெக்கையில் அப்படியே போட முடியாது.

இது எங்கள் குசினிக்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்லாத விடயம். இங்கே சமைத்த கறியை இரண்டு மணித்தியாலத்துக்குள் 60 பாகையிலிருந்து 21 பாகைக்கும், அடுத்த நாலு மணித்தியாலத்துக்குள் 5 பாகைக்கும் இறக்க வேண்டும், இறக்கியதைத் தாளில் எழுதவும் வேண்டும். பெரிய பானையில் விட்டால் நடு அப்படியே கொதிக்கும், தட்டையான தட்டத்தில் ஊற்றினால் இறங்கும். பெப்ரவரியில் ஒரு கணக்கு, ஜூலையில் இன்னொரு கணக்கு. வெப்பமானியைக் குத்திக்கொண்டு பதினைந்து வருடம் நின்றவனுக்கு அந்த நீதிமன்ற வாதம் விளங்கும்.

பிரேத பரிசோதனை செய்தவர் கொழும்பு மருத்துவபீடப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம். வெப்ப நாட்டில் உடல் எப்படிக் குளிர்கிறது என்பதை அறிய அவரும் கூட்டாளிகளும் அளந்தது யாருடைய உடல்களை தெரியுமா? மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட கைதிகளுடையதை. இறந்த நேரம் நிமிடக் கணக்காகத் தெரிந்த உடல்கள் அவைதான். 1955 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நான் இதை வாசித்துக் காட்டியபோது மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. பொடியன் மட்டும் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

சிட்னி ஸ்மித் கவனித்த இன்னொன்று இறந்தவரின் உள்ளங்கால். அது அழுக்காக இருந்தது. மேல்மாடிப் படுக்கையறையில் நடந்த கொலை என்ற வில்லியமின் கதைக்கு அது பொருந்தவில்லை, குசினிக்குப் பொருந்தியது. இதையும் நான் சட்டப் புத்தகத்தால் விளங்கவில்லை. இரவு வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றுகிறவனுக்குக் குசினித் தரை என்ன செய்யும் என்று தெரியும்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். குற்றக் கதையை நடத்துகிறவர்களுக்கு இரண்டு பாடம் உண்டு. ரொபின் லோஸ் என்ற வடிவமைப்பாளர் 2000களில் ஒரு முறை கொண்டுவந்தார்: கதை நகரத் தேவையான துப்புக்குப் பகடை உருட்ட வைக்காதே, சரியான இடத்தில் தேடினால் கொடுத்துவிடு. ஏனென்றால் துப்புக் கிடைக்காவிட்டால் கதை செத்துவிடும். ஜஸ்ரின் அலெக்சாண்டர் 2008 இல் எழுதியது: ஆட்கள் ஒரு முடிவுக்கு வரவேண்டுமானால் குறைந்தது மூன்று துப்பாவது வை. ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைப் பிழையாக விளங்குவார்கள், மூன்றாவது கைகொடுக்கும்.

நான் ஓடர் எழுதுகிற டொக்கற் தாளின் பின்பக்கத்தில் துப்புகளை எழுதினேன். நேரம், இடம், யார் கண்டது. சுவரில் டொக்கற் மாட்டுகிற கம்பியில் மணி வாரியாகச் செருகினேன். பெயர்களை எல்லாம் மாற்றினேன், வீதியையும் மாற்றினேன். இது உண்மையில் செத்த ஒரு பெண். உண்மையில் வளர்ந்த பிள்ளைகள். அவர்களின் பெயரை வைத்து ஒக்லாந்தில் நாங்கள் சிப்ஸ் தின்னக்கூடாது என்று எனக்குப் பட்டது. முடிவையும் நான் தீர்மானித்து வைக்கவில்லை. நீதிமன்றம் விட்ட இடத்தோடு நிற்பது என்று முதலே சொல்லிவிட்டேன்.

முதல் திங்கள், பாத்திரம் எடுக்கிற நேரம். மாஸ்டர் கொல்வினை எடுத்தார், எடுத்த கையோடு சால்வையைத் தோளில் போட்டார். ரக்சி அண்ணை பொலிஸ் பரிசோதகர். அக்கா பக்கத்து வீட்டுக்காரி. பொடியன் சிட்னி ஸ்மித். வேலைக்காரப் பொடியன் பாத்திரத் தாள் மேசை நடுவில் கிடந்தது. நான் இருமுறை கேட்டேன். "அவனை நீரே கொண்டு போம்" என்றார் மாஸ்டர். விளையாட்டு நடத்துகிறவன்தான் மிச்சம் மீதி எல்லாருக்கும் வாய். வேறு வழியில்லாமல் நானே எடுத்தேன்.

மூன்றாம் திங்கள் அண்ணை என்னை விசாரித்தார். விளையாட்டாகத்தான் தொடங்கினார்.

"எத்தனை மணிக்கு?"

"காலமை, ஐயா."

"காலமை எண்டா? போன முறை பத்து எண்டாய். இப்ப என்ன சொல்லுறாய்?"

நான் பதில் சொல்லவில்லை. வில்லியமாக நடிக்கிறேன் என்று அவர் நினைத்து இன்னும் உரக்கக் கேட்டார். மேசையில் கையால் தட்டினார்.

நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் ஒரு அறையில், தண்ணீர்க் கிளாசுக்கு முன்னால், இதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் கதவைத் தட்டியது எத்தனை மணிக்கு? முதலில் பத்து என்றேன். மூன்று மணித்தியாலத்தின் பிறகு திருப்பிக் கேட்டபோது பதினொன்று என்றேன். அன்று கரண்ட் இல்லை. வீட்டில் யாரும் மணிக்கூடு பார்க்கவில்லை. முதல் முடிவில் அதற்கென்றே ஒரு பந்தி இருந்தது, நம்பகத்தன்மை பற்றி. மேன்முறையீட்டில்தான் வென்றேன். அங்கே எனக்கு மூன்று துப்பு வைக்கிற ஆள் ஒருவரும் இல்லை. வாயில் இருந்த ஒரே ஒரு கதைதான்.

வில்லியம் உண்மை சொன்னான் என்று நான் சொல்ல வரவில்லை. யூரிகள் அவன் கதையை ஏற்கவில்லை. சிட்னி ஸ்மித் அவன் மேல்தான் சந்தேகப்பட்டார், காரணங்களும் சொன்னார். உள்ளங்கால் சொல்வதை நானும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்று விளங்கியது. விசாரிக்கிற கதிரையில் நாங்கள் எல்லாரும் ஓடிப்போய் இருந்தோம். அந்தக் கதிரைக்கு முன்னால் ஒருகாலம் நின்ற ஆட்கள் நாங்கள். இங்கே இருபது வருடம் ஆனதும் அந்தப் பக்கத்துக் கதிரையை எவ்வளவு கெதியாகப் பிடித்துக்கொண்டோம். அதுவும் அவன் சிங்களப் பொடியன், வேலைக்காரன். எங்களுக்கு இரட்டை வசதி.

அன்று ஆட்டத்தை நிற்பாட்டித் தேத்தண்ணி போட்டேன். அண்ணைக்கு விடயம் விளங்கி, "சொறி தம்பி, நான் சும்மா..." என்று இழுத்தார். அவரும் கொழும்பில் மூன்று நாள் உள்ளே இருந்தவர்தான்.

அடுத்த திங்கள் புது விதி போட்டோம். வில்லியமின் தாள் சுற்றி வரும், ஒவ்வொரு கிழமையும் வேறொருவர். அவன் பேச்சில் முரண் வந்தால் அதற்குப் பகடை இல்லை. கேட்கிறவர் இன்னொரு விதமாகத் திருப்பிக் கேட்க வேண்டும். மாஸ்டர் வில்லியமாக இருந்த கிழமை, அவர் சால்வையைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுத்தான் இருந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஐந்தாம் திங்கள் அக்கா சொன்னா: "அஞ்சு கிழமையா கிரிக்கெட் கதைச்சாச்சு, வெப்பநிலை கதைச்சாச்சு, வேலைக்காரனும் கதைச்சாச்சு. அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

உண்மை. என் டொக்கற் தாள் நாற்பதிலும் அவர் உடலாகத்தான் இருந்தார். நான் வாசித்த வரலாறும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. வழக்கின் பெயரே கணவனின் பெயர்.

ஆறாவது திங்கள் பகடையை எடுக்கவில்லை. கொலைக்கு முந்தின நாளை விளையாடினோம். அக்கா அந்த அம்மாவாக இருந்தா. பிள்ளைகளுக்குத் தலை இழுத்தா. சட்டத்தரணியிடம் போகக் காசு எண்ணினா. புது வேலைக்காரப் பொடியனுக்கு உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று காட்டினா. அந்த இரவு வில்லியம் பொடியனின் முறை. ஒட்டாகோக்காரன் "சரி அம்மா" என்று தமிழில் சொன்னான். எங்கே பழகினானோ தெரியாது. கொலையைத் தொடாமலே இரவு பதினொரு மணிக்கு முடித்தோம்.

அடுத்த குளிருக்குப் பொடியன் ஒரு யோசனை வைத்திருக்கிறான்: 1963 டிசம்பரில் ரெமுவேராவின் பாசெற் வீதியில் இரண்டு பேரை இயந்திரத் துப்பாக்கியால் சுட்ட வழக்கு. பின்னேரம் ஆறு மணிக்கே பார்கள் பூட்டப்பட்டுக் கள்ளச் சாராயம் ஓடிய ஒக்லாந்து. நல்ல கதைதான். செத்த இரண்டு பேரின் தாளை முதலில் எழுதிக்கொண்டு வா, பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

நாலு மணியாகிறது, வெங்காயம் வெட்டப் போக வேண்டும். உங்கள் வீடுகளில் சதாசிவம் வழக்கைப் பற்றிப் பெரியவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எழுதுங்கள்.